ஃபைபர் படகின் ஓட்டையை வெயிலில் அடைப்பது: புற ஊதா ரெசின் வேலை முறை

இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த ரெசினுக்கு, அதாவது கண்ணாடி இழையைப் பிணைக்கும் திரவத்துக்கு, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கலந்த நொடியிலிருந்து பதினைந்து, இருபது நிமிடம்தான். சித்திரை வெயிலில் அதுவும் கிடைக்காது. மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) நனைத்து முடிப்பதற்குள் டப்பாவிலேயே ரெசின் சூடேறிக் கட்டியாகிவிடும். புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினுக்கு இந்த அவசரம் இல்லை. இருட்டில் இருக்கும் வரை திரவமாகவே கிடக்கும், ஒளி பட்டால் சில நிமிடங்களில் இறுகிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஹார்ட்னர் போட்ட ரெசின் இன்றைக்கு அரைகுறையாக இருந்தாலும் நாளைக்குள் செட்டாகிவிடும். ஒளி எட்டாத ரெசின் நாளைக்கும் ஈரமாகத்தான் இருக்கும், அடுத்த வாரமும் அப்படியேதான். மேலே கல்லாக இறுகி அடியில் பிசினாகக் கிடக்கும் ஒட்டு, கடலில் நாலு அலைக்குத் தாங்காது. ஆகவே இந்த வேலையில் எந்த அளவைத் தீர்மானித்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒளி அடிவரை போய்ச் சேருமா?

தமிழகக் கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. மணலில் ஏற்றி இறக்கும்போது அடிப்பகுதி தேய்வதும், கல்லிலோ இன்னொரு படகிலோ மோதி அணியத்தில் (படகின் முன்பகுதியில்) ஓட்டை விழுவதும் வாடிக்கை. இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணமும் அதுதான்: 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள படகுச் சுவரில் 5 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளே வெளியே தெரியும்படி ஓர் ஓட்டை. அலைச்சறுக்குப் பலகைகளைப் பழுதுபார்ப்பவர்கள் வெயிலில் இறுகும் ரெசினைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். பூமிக்கடியில் போகும் சாக்கடைக் குழாய்களுக்குள்ளேயே கண்ணாடி இழை உறையைச் செலுத்தி, புற ஊதா விளக்கு வரிசையை இழுத்துச் சென்று இறுகவைப்பதும் இதே வேதியியல்தான்.

எது ஒளியை விடும், எது விடாது

கண்ணாடி இழை நமக்குச் சாதகமானது. அதன் ஒளிவிலகல் எண்ணும் இறுகிய பாலியெஸ்டர் ரெசினின் எண்ணும் ஏறக்குறைய 1.55. இரண்டும் ஒத்துப்போவதால், நன்றாக நனைந்த மேட் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும், ஒளி உள்ளே இறங்கும். நனையாத இடத்தில் இழையைச் சுற்றிக் காற்று இருக்கும். அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். வெள்ளைத் திட்டு என்றால் வலு குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த முறையில் அதன் அடியிலுள்ள ரெசின் இறுகாமல் நின்றுவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

கார்பன் இழைக்கு இந்த முறை கிடையாது. கறுப்பு இழை ஒளியை முழுவதும் விழுங்கிவிடும். கெவ்லார் போன்ற அராமிட் இழையும் புற ஊதாவை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சித் தானும் கெடும். ரெசினில் வண்ணப் பசை ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. வெள்ளை நிறத்துக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு 400 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள ஒளியைச் சுவர்போல நிறுத்திவிடும். அதனால்தான் மேல் பூசும் ஜெல் கோட்டை ஒளியால் இறுகவைக்க முயல வேண்டாம் என்கிறோம். அது ஹார்ட்னருக்கே உரிய வேலை. நிரப்பிகளில் டால்க்கும் சுண்ணாம்புத் தூளும் ஒளியைக் கலக்கிவிடும். தொய்வைத் தடுக்கப் போடும் நுண்சிலிக்கா 1 முதல் 2 சதவீதம் வரை இருந்தால் பெரிதாகத் தடுக்காது.

வெயிலைத் தாங்குவதற்காகப் புற ஊதா தடுப்பான் சேர்த்த ரெசின்களும் கடையில் உண்டு. தடுப்பான் அதன் வேலையைச் செய்தால் நம் வேலை நடக்காது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரெசினும் தூண்டியும்

நீருக்கடியில் இருக்கும் பகுதிக்குச் சாதாரண பொதுப்பயன் ரெசின் வேண்டாம். ஐசோஃப்தாலிக் பாலியெஸ்டரோ, முடிந்தால் வினைல் எஸ்டரோ வாங்குங்கள். ஹார்ட்னரின் வினையை முடுக்கும் கோபால்ட் கலக்காததாகவும் மெழுகு சேர்க்காததாகவும் இருக்கட்டும். கோபால்ட் ரெசினுக்கு நிறம் ஏற்றும், நிறம் ஒளியைக் குறைக்கும். மெழுகு ஏன் கூடாது என்பது அடுக்கும் இடத்தில் புரியும்.

ஒளியை ரெசினின் மொழிக்கு மாற்றுவது ஒளித்தூண்டி. தடித்த கண்ணாடி இழை வேலைக்குப் பொருத்தமானது பிஸ்அசைல்பாஸ்பீன் ஆக்சைடு வகை. சந்தையில் இர்காகியூர் 819 என்ற பழைய பெயரிலும் ஆம்னிராட் 819 என்ற இப்போதைய பெயரிலும் தெரியும். வெளிர் மஞ்சள் தூள். இதற்கு இரண்டு சிறப்புகள். 400 நானோமீட்டரைத் தாண்டிய ஊதா ஒளியையும் இது பிடித்துக்கொள்ளும். நீள அலை ஒளிதான் ஆழமாக இறங்கும். இரண்டாவது, ஒளி பட்டு உடைந்ததும் இதன் மஞ்சள் வெளுத்துவிடும். மேல் அடுக்கு தன் வேலையை முடித்ததும் ஒதுங்கி வழிவிடுகிறது, ஒளி அடுத்த அடுக்குக்குப் போகிறது. மேற்பரப்பு வார்னிஷுக்கு விற்கும் தூண்டிகள் பெரும்பாலும் 330 நானோமீட்டருக்குக் கீழேதான் வேலை செய்யும். அவற்றைத் தனியாக நம்பித் தடித்த மேட்டை இறுகவைக்க முடியாது. டி.பி.ஓ. என்ற தூண்டியும் ஆழத்துக்கு ஏற்றதுதான். ஆனால் இனப்பெருக்க நச்சுத்தன்மை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் அதை 2023இல் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வேறு வழி இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை.

அளவு: ரெசின் எடையில் 0.3 சதவீதம். மிகமிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, ‘கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் செட்டாகும்’ என்று ஒரு சதவீதம் போடுவது. மேல் தோல் சீக்கிரம் இறுகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தோலே ஒளியைக் குடித்துவிடும், அடி பட்டினி கிடக்கும். தடிமன் கூடக் கூடத் தூண்டியைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.

நம் உதாரணத்துக்குக் கணக்கு இது. 450 கிராம் மேட்டுக்கு அதன் எடையைப்போல 2.3 மடங்கு ரெசின், 610 கிராம் ரோவிங்குக்கு (நெய்த கண்ணாடி இழைத் துணி) சம எடை. 450, 610 என்பவை சதுர மீட்டருக்கான எடை. பின்னால் வரும் அளவுகளில் வெட்டிய துண்டுகளின் எடைக்கு, உட்பக்க மேட்டும் சேர்த்து, ரெசின் ஏறக்குறைய 205 கிராம் வரும். முதல் பூச்சு, பிரஷில் தங்குவது எல்லாம் சேர்த்து 250 கிராம் கலக்கலாம். அதற்குத் தூண்டி 0.75 கிராம். இதை மளிகைத் தராசில் நிறுக்க முடியாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும்.

தூளை நேரே ரெசினில் கொட்டினால் கட்டிகட்டியாக மிதக்கும். 7.5 கிராம் ஸ்டைரீனில் தூளைப் போட்டு, ஒளி புகாத பாட்டிலில் மூடிக் குலுக்கி, துகள் ஒன்றும் இல்லாமல் தெளிந்த பிறகு ரெசினில் ஊற்றிக் கலக்குங்கள். அசிட்டோனில் கரைக்க வேண்டாம். அது அடுக்குக்குள் சிக்கிக் குமிழாகும். கலந்த ரெசினை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவின் சுவர் வழியாகவே பகல் ஒளி நுழையும். மிச்சமானதை இருட்டில், நிழலில், குளிர்ந்த இடத்தில் வைத்தால் மறுநாளும் பயன்படும். ஹார்ட்னர் கலந்ததை அப்படி வைக்க முடியுமா?

வெயிலா, விளக்கா

தெளிந்த நண்பகலில் சூரியனிலிருந்து நீள அலைப் புற ஊதா சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிவாட் கிடைக்கும். 20 நிமிடம் காட்டினால் 6 ஜூல். 395 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஒட்டின் மேல் 20 மில்லிவாட் தருமானால் அதே 6 ஜூலுக்கு 5 நிமிடம் போதும். மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்த விளக்குக்கும் நேரம் போட்டுவிடலாம். மூன்று மில்லிமீட்டர் அடுக்குக்குத் தொடக்க அளவாக 6 ஜூலை வைத்துக்கொண்டு, கீழே வரும் படிச் சோதனையால் திருத்திக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் வேலை நிற்காது. நேரம் இரட்டிப்பாகும், மும்மடங்காகும்.

விளக்கு வாங்குவதானால் 385 முதல் 405 நானோமீட்டர் வரையிலான எல்.இ.டி. நல்லது. மேலே எழுதியிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். அது விளக்கு குடிக்கும் மின்சாரம், ஒட்டின் மேல் விழும் ஒளி அல்ல. நீள அலைப் புற ஊதா அளக்கும் மீட்டர் ஒன்றை ஒட்டு இருக்கும் இடத்திலேயே, விளக்கு இருக்கும் தூரத்திலேயே வைத்து அளக்க வேண்டும். நடுவிலும் நாலு மூலையிலும் அளந்து, குறைந்த எண்ணை எடுத்து நேரம் போடுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கின் நிறம் சரி, வலு போதாது. குடிநீர் சுத்திகரிப்பானில் உள்ள 254 நானோமீட்டர் குழலை யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் குறுகிய அலை ரெசினின் தோலைத் தாண்டாது, கண்ணை மட்டும் கெடுக்கும்.

படிச் சோதனை

ரெசின் மாறினாலும், மேட் மாறினாலும், விளக்கு மாறினாலும் இதைச் செய்யாமல் படகில் கை வைக்காதீர்கள். அரை மணி நேர வேலை.

ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் தெளிந்த பாலியெஸ்டர் படலத்தை விரித்து, 450 கிராம் மேட்டை 5 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிப் படிக்கட்டுபோல அடுக்குங்கள். முதல் படி ஒரு அடுக்கு, கடைசிப் படி எட்டு. ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கண்ணாடிக்கு அடியில் கறுப்புத் துணி போட வேண்டும், இல்லாவிட்டால் கீழிருந்து திரும்பும் ஒளி முடிவைப் பொய்யாக்கும். மேலே படலம் மூடி, வேலையில் காட்டப்போகும் அதே ஒளியை அதே நேரம் காட்டுங்கள். பிறகு புரட்டி, அடிப்பக்கத்தை இரும்புக் கம்பி முனையால் கீறிப் பாருங்கள். எந்தப் படியில் கம்பி பதிகிறதோ அது தோற்ற படி, அதற்கு முந்தையது உங்கள் எல்லை. எல்லை 6 மில்லிமீட்டர் என்று வந்தால் வேலையில் ஒரு தடவைக்கு 3க்கு மேல் போகாதீர்கள்.

பாதியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒளியில் 30 சதவீதத்தைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீட்டருக்கு அடியில் 34 சதவீதம் மிஞ்சும், ஆறுக்கு அடியில் 12தான். மேட் ஓர் இடத்தில் மடிந்திருந்தாலோ, ரெசின் தேங்கியிருந்தாலோ, மேகம் ஒன்று கடந்தாலோ அந்த 12 காணாமல் போய்விடும். 34இல் ஓரளவு இழக்க இடம் இருக்கிறது. இன்னொரு காரணம் சூடு. ஒளியில் எல்லாம் ஒரே சமயத்தில் வினைபுரிவதால் தடித்த அடுக்கு 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். சூடும் சுருக்கமும் சேர்ந்தால் ஓரம் விரிசல் விடும்.

ஓட்டையைத் தயார் செய்வது

நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, படகை உலர விடுங்கள். கடலில் கிடந்த ஃபைபருக்குள் ஈரம் இருக்கும். கீறிய இடத்தின் மேல் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் இன்னும் உலர வேண்டும். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பாதி ஒட்டுகள் பெயர்கின்றன.

உடைந்து தொங்கும் இழையையும், தட்டினால் சொத்தைச் சத்தம் வரும் பகுதியையும் வெட்டி எறியுங்கள். ஓட்டையின் மூலைகளை வட்டமாக்குங்கள். வெளிப்பக்கத்திலிருந்து கிரைண்டரில் 36 அல்லது 40 எண் டிஸ்க் போட்டுச் சரிவு இழைக்க வேண்டும். தடிமனைப்போல 12 மடங்கு நீளம் சரிவு: 6 மில்லிமீட்டர் சுவருக்குச் சுற்றிலும் 72 மில்லிமீட்டர். ஓட்டையின் விளிம்பில் கத்திமுனைபோல மெலிந்து, வெளியே ஜெல் கோட்டில் முடிய வேண்டும். இழைத்து முடித்ததும் இடம் ஏறக்குறைய 19.5க்கு 29.5 சென்டிமீட்டராக விரிந்திருக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஓட்டைக்கு இவ்வளவு பெரிய இடமா என்று தோன்றும். புதிய ரெசின் பழைய ஃபைபருடன் வேதியியலாக இணைவதில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிடிக்கப் பரப்பு வேண்டும்.

தூசியைத் தட்டி, சுத்தமான வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். துணியை மாற்றி இன்னொரு தடவை. அதன் பிறகு கை படக் கூடாது.

உட்பக்கம் முட்டுக் கொடுக்க 3 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு போதும். அதன் மேல் அடுப்படி அலுமினியத் தாளைப் பளபளப்பு வெளியே தெரியச் சுற்றி, அதற்கும் மேல் பாலியெஸ்டர் படலம் ஒட்டி, ஓட்டையின் பின்புறம் இறுக்கமாக அமுக்கிக் கட்டுங்கள். அலுமினியம் புற ஊதாவை நன்றாகத் திருப்பும். அடிவரை போன ஒளி மரத்தில் மடியாமல் திரும்பி வந்து கடைசி அடுக்குக்கு இரண்டாம் தடவை வேலை செய்யும். செலவில்லாத உதவி இது.

நிழல் என்பது இருட்டு அல்ல

கீற்றுக் கொட்டகையில் வெயில் படாமல்தானே வேலை செய்கிறோம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். வானத்திலிருந்து சிதறி வரும் ஒளியில் புற ஊதா நிறைய உண்டு. திறந்த நிழலில் டப்பா ரெசின் மெல்ல மெல்லத் தடித்து, பாதி வேலையில் பிரஷ் இழுபடும். கறுப்புத் தார்ப்பாயை இரட்டையாகப் போட்டு, வேலை இடத்தைக் கூடாரம்போல மூடுங்கள். நீலத் தார்ப்பாய் நம்பகமில்லை. உள்ளே வெளிச்சத்துக்கு மஞ்சள் விளக்கு. பழைய டியூப் லைட்டின் ஒளியில் 405, 436 நானோமீட்டர் கோடுகள் இருப்பதால் அது ஆகாது. அதே சமயம் காற்று வந்துபோக இரண்டு பக்கம் தாழ்வாகத் திறப்பு விடுங்கள், ஸ்டைரீன் ஆவி தரையோடு தேங்கும்.

கடற்கரையில் விடியற்காலைப் பனி படகின் மேல் படியும். அதனால் காலை எட்டரைக்கு மேல் தொடங்கி, முதல் கட்டத்தைப் பத்தரைக்குள் முடித்து, பதினொன்று முதல் ஒரு மணி வரை உள்ள வெயிலைப் பிடிப்பது நல்ல கணக்கு. படகுச் சுவர் முன்பே வெயிலில் காய்ந்து சுட்டால் ரெசின் நீர்த்து வடியும், ஸ்டைரீனும் பறக்கும். முதலிலேயே மூடிக் குளிர வைத்திருங்கள்.

அடுக்குவது

மேட்டையும் ரோவிங்கையும் முன்பே வெட்டி, வரிசைப்படி எண் போட்டு வைத்திருக்க வேண்டும். பெரியது அடியில், சிறியது மேலே. முதல் துண்டு 19க்கு 29 சென்டிமீட்டர், அடுத்தடுத்தவை ஒவ்வொரு பக்கமும் 1.2 சென்டிமீட்டர் குறைந்து, கடைசித் துண்டு 7க்கு 17. சிறியதை முதலில் போடும் வழக்கமும் உண்டு. ஆனால் பெரிய துண்டு அடியில் இருந்தால் சரிவு முழுவதையும் ஒரே மேட் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் தேய்க்கும்போதும் அது வெட்டுப்படாது.

முதல் கட்டம்: மேட் 450, ரோவிங் 610, மேட் 450. இரண்டாம் கட்டம்: ரோவிங் 610, மேட் 450, மேட் 450. ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர், மொத்தம் 5.7. மிச்சம் ஜெல் கோட்டுக்கு.

இழைத்த பரப்பு முழுவதும் மெல்லியதாக ரெசின் தடவுங்கள். முதல் மேட்டை வைத்து, மேலிருந்து கொட்டாமல் பிரஷால் குத்திக் குத்தி ரெசினைக் கீழிருந்து ஏற விடுங்கள். பிறகு பள்ளமிட்ட இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மேட்டின் பசையை ஸ்டைரீன் கரைக்க நேரம் பிடிக்கும். ஹார்ட்னர் வேலையில் அந்த நேரத்தைக் கொடுக்க முடியாமல்தான் வெள்ளைத் திட்டு நிற்கிறது. இங்கே ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வெள்ளை மறைந்து, அடியில் பழைய ஃபைபரின் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் மறுபடி ரோலர். இந்தப் பொறுமைக்கு இடம் கொடுப்பதுதான் இந்த முறையின் பெரிய வரம் என்பது எங்கள் கருத்து. வேகமாக இறுகுவது அதற்குப் பிறகுதான்.

ரெசின் தேங்கி நின்றால் ரப்பர் பட்டையால் வழித்துவிடுங்கள். இழையில்லாத ரெசின் குளம் இறுகியதும் வெடிக்கும். செங்குத்துச் சுவரில் வடிந்தால் படகைச் சாய்த்து வேலையிடத்தைத் தளமாக்குவது நுண்சிலிக்கா போடுவதைவிட நல்லது.

முதல் கட்டத்தின் மேல் படலம் மூடாதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பின் வினையைத் தடுத்து, மெல்லிய பிசுபிசுப்பை விட்டுவைக்கும். அந்தப் பிசுபிசுப்பில்தான் இரண்டாம் கட்டம் வேதியியலாகவே இணையும், தேய்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மெழுகு கலந்த ரெசின் வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். மெழுகு மேலே மிதந்து வந்து அந்த இணைப்பைக் கெடுத்துவிடும். முதல் கட்டம் இறுகியதும் கூடாரத்தை மூடி, தூசி படியுமுன் அன்றைக்கே இரண்டாம் கட்டத்தைப் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் கட்டத்தின் மேல் மட்டும் 50 மைக்ரான் தெளிந்த பாலியெஸ்டர் படலம். பழைய ஓஹெச்பி தாளும் ஆகும். நடுவில் வைத்து, ரப்பர் பட்டையால் ஓரம் நோக்கிக் காற்றைத் தள்ளி, விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். பாலியெஸ்டர் படலம் 320 நானோமீட்டருக்கு மேலுள்ள ஒளியை விடும், ஆக்சிஜனைத் தடுக்கும், ஸ்டைரீனில் கரையாது. பாலிகார்பனேட் தகடு வேண்டாம், அது நமக்கு வேண்டிய ஒளியையே தடுத்துவிடும்.

ஒளி காட்டுவது

வெயிலானால் தார்ப்பாயை விலக்கினால் போதும். ஆனால் சூரியன் ஒட்டின் மேல் நேராக விழுகிறதா பாருங்கள். சாய்ந்து விழுந்தால் வலு குறையும், ரோலர் கைப்பிடியோ கட்டிய கயிறோ நிழல் விழுத்தினால் அந்த நிழலின் வடிவத்திலேயே ஈரப்பட்டை நிற்கும். முதல் 2 நிமிடம் காட்டி, 2 நிமிடம் மூடி, மறுபடி காட்டினால் சூடு ஒரேயடியாக ஏறாது. விளக்கானால் முதல் 2 நிமிடம் இரண்டு மடங்கு தூரத்தில் வைத்து மெல்ல உறையவிட்டு, பிறகு அளந்த தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய ஒட்டில் விளக்கை நகர்த்தும்போது முந்தைய வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த வட்டத்தில் வர வேண்டும்.

கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் ஒளியை நிறுத்துங்கள். சூடு ஏறி இறங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணாமல், கணக்குப் போட்ட ஜூல் முழுவதையும் காட்டி முடியுங்கள்.

வெளிப்புறம் முடிந்ததும் முட்டுப் பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்தும் ஒருமுறை விளக்கு காட்டுங்கள். பிறகு உட்புறத்தின் பளபளப்பை 60 எண் உப்புத்தாளால் தேய்த்து, 15க்கு 25 சென்டிமீட்டர் மேட் 450 ஒன்றை உட்பக்கம் போட்டு இறுகவையுங்கள். படகின் உள்ளே வெயில் நேராக விழாது, இங்கே விளக்கு கட்டாயம். விட்டச் சட்டத்துக்கு அடியில், போல்ட்டைச் சுற்றி என்று விளக்கும் எட்டாத இடம் இருந்தால் அங்கே பிடிவாதம் வேண்டாம். கோபால்ட்டும் ஹார்ட்னரும் போட்ட சாதாரண ரெசினை அந்த இடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சரியாக இறுகியதா?

முதல் சாட்சி நிறம். தூண்டியின் மஞ்சள் வெளுத்திருக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் மஞ்சளாக நின்றால் அங்கே ஒளி போதவில்லை. இரண்டாவது, படலத்தை உரித்து அசிட்டோன் தொட்ட துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள், பரப்பு மங்கிப் பிசுபிசுக்கக் கூடாது. மூன்றாவது, பார்க்கோல் கடினமானி. ரெசின் நிறுவனத்தின் தாளில் உள்ள எண்ணில் 90 சதவீதமாவது வர வேண்டும். நல்ல பாலியெஸ்டர் அடுக்குக்கு அது பெரும்பாலும் 35க்கு மேல் இருக்கும். மேலே மட்டும் அளந்தால் பயனில்லை. முட்டுப் பலகையைக் கழற்றியதும், உள் மேட் போடுவதற்கு முன்பே, உட்புறம் அளக்க வேண்டும். அடி தோற்றால் ஒட்டு தோற்றது.

மேலே ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று புகுந்திருக்கும். ஒட்டும் இடத்தை அசிட்டோனால் துடைத்து, படலம் மாற்றி மறுபடி காட்டலாம். மேலே கல், அடியில் பிசின் என்றால் தூண்டி கூடிவிட்டது, அல்லது தடிமன் மிஞ்சிவிட்டது, அல்லது விளக்கின் அலைநீளம் குறுகியது. கூட நேரம் காட்டினால் சில சமயம் மீளும், மீளாவிட்டால் இழைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஓரத்தில் நகம் நுழைந்து ஒட்டு பெயர்ந்தால் ஈரமோ, எண்ணெயோ, தேய்க்காத பளபளப்போ காரணம். ஒளியின் மேல் பழி போட வேண்டாம்.

இறுதியாக 80, பிறகு 120 உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 1.5 முதல் 2 சதவீதம் ஹார்ட்னரும் மெழுகும் கலந்த ஜெல் கோட்டை அரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இறுகவைத்த அதே வெயில், மூடாமல் விட்டால் ரெசினை மஞ்சளாக்கி மாவாக உதிர்க்கும்.

கண்ணும் மூச்சும்

பொறி பட்டால் ஸ்டைரீன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை ஏறக்குறைய 31 டிகிரி. நம் ஊர்க் கோடைப் பகல் அதைத் தாண்டியே இருக்கும். கூடாரத்துக்குள் பீடி, வெல்டிங், கிரைண்டர் பொறி எதுவும் கூடாது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள், துணி மறைப்பு ஸ்டைரீனைத் தடுக்காது. கிரைண்டர் ஓட்டும்போது தூசிக்கு என்95. தூண்டித் தூள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது, நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

நீள அலைப் புற ஊதா கண்ணுக்கு ஒரு நாளைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூலைத் தாண்டக் கூடாது என்பது அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையத்தின் வரம்பு. 20 மில்லிவாட் விளக்கின் முன் அது 50 விநாடியில் முடிந்துவிடும். ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் கண் கூசாது, அதுதான் ஆபத்து. 400 நானோமீட்டர் வரை தடுக்கும் கண்ணாடியை விளக்கைப் பிடிப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் போட வேண்டும். அலுமினியத் தாளும் ஈரமான படலமும் ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். முழுக்கைச் சட்டை அணியுங்கள்.

மிஞ்சிய ரெசினையும் பிரஷ் வழித்ததையும் கரையில் கொட்டாதீர்கள். பழைய தட்டில் மெல்லியதாக ஊற்றி, கூடாரத்துக்கு வெளியே வெயிலில் வையுங்கள். அரை மணியில் தகடாக உரிந்து வரும்.